நஞ்சு உள்ளே போய்விட்டால்: உடனே செய்ய வேண்டியவை, மறைக்கக் கூடாதவை



நமது அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதும் ஓட்டுநர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆச்சு?" என்பதுதான். நஞ்சு சாப்பிட்டவர் இருக்கும் வீட்டில் பல நேரம் கிடைக்கும் பதில், "ஒண்ணுமில்ல பாய், வயித்துவலி" என்பது. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போன பிறகு உண்மை மெதுவாக வெளியே வரும். சில வீடுகளில் மறுநாள்தான் வரும். அதற்குள் மருத்துவர் வயிற்றுவலிக்கு ஊசி போட்டுவிட்டு, வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

நஞ்சு விஷயத்தில் வீட்டார் செய்யக்கூடிய உதவி மூன்றே மூன்று. மூச்சு அடைபடாமல் பார்த்துக்கொள்வது, தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர்ப்பது, என்ன உள்ளே போனது என்பதை ஒளிக்காமல் சொல்வது. இந்த மூன்றையும் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். பாம்புக்கடி, தேள்கடி இதில் அடங்காது. அவற்றுக்கான முறை வேறு.

நஞ்சு எங்கே இருக்கிறது?

நஞ்சு என்றதும் பூச்சிமருந்துக் கடை நினைவுக்கு வருகிறது. நம் வீட்டு அலமாரியிலும் அது இருக்கிறது. எலி பேஸ்ட், கொசுவிரட்டித் திரவம், கழிப்பறை கழுவும் ஆசிட், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை, தலைச்சாயம், நீலகிரித் தைலம், கற்பூரம், பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஆகிய எல்லாம் அளவு மீறினால் நஞ்சுதான். கொல்லையில் நிற்கும் மஞ்சள் அரளியின் விதையும் அப்படியே. இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும் நஞ்சு அதில் இருக்கிறது.

சிறு குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடுகிறார்கள். காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் பெரியவர்களே மாற்றிக் குடித்ததுண்டு. மனம் நொந்து வேண்டுமென்றே சாப்பிடுபவர்களும் உண்டு. எந்த வகையானாலும் முதலுதவி ஒன்றுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

நன்றாக இருந்தவர் திடீரென்று வாந்தி எடுக்கிறார், தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, தூங்கி வழிகிறார், வலிப்பு வருகிறது என்றால் நஞ்சாக இருக்குமோ என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் திறந்த டப்பா, காலியான மாத்திரை அட்டை, வாயில் வித்தியாசமான வாடை, உதட்டில் வெந்த புண், உடுப்பில் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் பலவற்றுக்குத் தனி அடையாளம் உண்டு. வாயிலிருந்து எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், உடம்பு வியர்வையில் நனையும், தன்னறியாமல் சிறுநீர் போகும், தசைகள் துள்ளும், கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு முட்டும். இதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதைத் தொடர்ந்து கொடுத்து, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் வைத்துப் பலரைக் காப்பாற்றுகிறார்கள். நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

தலைச்சாயத்தைக் குடித்தவருக்கு முதலில் முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கும். சில மணி நேரத்துக்குள் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. பிறகு சிறுநீர் கருப்பாகப் போகும், சிறுநீரகம் பழுதாகும். "சாயம்தானே, வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கற்பூரமோ நீலகிரித் தைலமோ விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். கொஞ்சம்தானே என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் பத்து நிமிடத்தில்

1. முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து பட்ட உடுப்பை, வாந்தியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

2. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் சொல்கிறாரா, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். கூட இருப்பவரை உடனே 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னால் யாரும் அழைக்க மாட்டார்கள்.

3. மயங்கிக் கிடக்கிறார், ஆனால் மூச்சு வருகிறது என்றால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலின் முழங்காலை மடக்கி முன்னால் வைத்தால் உடம்பு புரளாது. வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வந்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்தால், நஞ்சு கொல்லாதவரையும் வாந்தி கொன்றுவிடும்.

4. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஐந்து செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் நிறுத்தாமல் செய்யுங்கள். வாயில் பூச்சிமருந்து இருக்குமென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

5. மருந்து உடம்பில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். பெண்களாக இருந்தால் ஒரு போர்வையால் மறைத்துக்கொண்டு பெண்களே இதைச் செய்யலாம். கூச்சப்பட்டு நனைந்த உடுப்போடு கொண்டு போகக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும்.

6. வலிப்பு வந்தால் சுற்றியிருக்கும் பொருள்களை விலக்குங்கள். கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

7. டப்பா, பாட்டில், மாத்திரை அட்டை, இலை, விதை என்று எது கிடந்தாலும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். லேபிளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

108 வண்டி வர நேரமாகும் என்றால் ஆட்டோ, கார் எது கிடைக்கிறதோ அதில் புறப்படுங்கள். மயங்கியவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். தலை தொங்கி மூச்சுக்குழாய் மடங்கிவிடும்.

செய்யக் கூடாதவை

நம் பக்கத்தில் நஞ்சு சாப்பிட்டவருக்கு உடனே வாந்தி எடுக்க வைப்பார்கள். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளித்தண்ணீர் கொடுப்பார்கள், தொண்டைக்குள் விரலை விடுவார்கள். இவை எதுவும் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. ஆசிட் போகும்போது உணவுக்குழாயை ஒரு முறை வேக வைத்திருக்கிறது. வாந்தியாக வரும்போது இன்னொரு முறை வேக வைக்கும். மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் அதை நாமே நுரையீரலுக்கு அனுப்புகிறோம். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதிக உப்புக் கரைசல் குழந்தையின் இரத்தத்தில் உப்பை ஏற்றி அதுவே உயிரை எடுத்துவிடும்.

பால், மோர், முட்டை, விளக்கெண்ணெய் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் தவறு. எலி பேஸ்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸும் பாச்சை உருண்டையும் கொழுப்பில் கரைபவை. பாலும் எண்ணெயும் அவை உடம்பில் ஏறுவதற்கே உதவி செய்யும். ஆசிட் குடித்தவருக்குச் சுண்ணாம்புத் தண்ணீரோ சோடா மாவோ கொடுப்பதும் கூடாது. நினைவோடு இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லலாம். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஓதிய தண்ணீரையும் ஜம்ஜம் தண்ணீரையும் ஊற்றுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் நினைவில்லாதவர் அதை விழுங்க மாட்டார், அது நுரையீரலுக்குப் போகும். துஆவை நாவால் கேட்போம், வண்டியில் உட்கார்ந்துகொண்டும் கேட்போம். வாயில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் தேவை பார்த்துக் கரித்தூள் மருந்து கொடுப்பார்கள். நஞ்சு உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாக வேலை செய்யும். வீட்டில் வாந்திக்கு முயன்று கழியும் அரை மணி நேரம் இங்கேதான் இழப்பாகிறது. அடுப்புக் கரி அந்த மருந்தாகாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

நலமாகத் தெரிவது நலமல்ல

பலர் ஏமாறும் இடம் இது. சில நஞ்சுகள் முதல் நாள் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும்.

எலி பேஸ்ட் சாப்பிட்டவர் அன்று கொஞ்சம் வாந்தி எடுப்பார். மறுநாள் எழுந்து உட்காருவார், டீ கேட்பார். "சரியாகிவிட்டது" என்று வீட்டார் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும், குழப்பமாகப் பேசுவார், இரத்தம் உறையாது. ஈரல் செயலிழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மீட்பது மிகவும் கடினம். மஞ்சள் பாஸ்பரஸை முறிக்கத் தனியான மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் இருந்து தினமும் ஈரலின் நிலையைப் பரிசோதித்தால்தான் வேண்டிய சிகிச்சையை வேண்டிய நேரத்தில் கொடுக்க முடியும். தமிழ்நாடு அரசு இந்தப் பேஸ்டின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. வீட்டில் பழையது இருந்தால் இன்றே அகற்றுங்கள்.

காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையும் இப்படித்தான். பத்து இருபது மாத்திரையை மொத்தமாக விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். ஈரல் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அந்த எட்டு மணி நேரம்தான் மருந்துக்கு உரிய நேரம்.

இரும்புச்சத்து மாத்திரை அளவுமீறிப் போனால் முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பிறகு சில மணி நேரம் அமைதியாக இருக்கும், அதன்பின் நிலைமை மோசமாகும். 2023 மார்ச்சில் உதகையில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த மாத்திரைகளை விழுங்கியதில் ஒரு மாணவி இறந்துபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். மிட்டாய்போல் இருக்கும் மாத்திரை மிட்டாய் அல்ல என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது பெற்றோர் கடமை.

மெத்தனால் கலந்த சாராயமும் அப்படியே. குடித்த பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். குடிப்பது ஹராம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதற்காக, குடித்துவிட்டுக் கண் தெரியவில்லை என்று சொல்லும் மகனை மானத்துக்குப் பயந்து அறைக்குள் பூட்டி வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பிறகு புத்தி சொல்வோம்.

ஆகவே, நஞ்சு சாப்பிட்டது உறுதியென்றால், மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை யாரையும் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பிள்ளை பெற்ற அறையில் கதவு சன்னலை அடைத்துக் கரி நெருப்பில் சாம்பிராணி போடுவதும், மழைக்காலத்தில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போய்விடலாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய திண்ணையிலோ ஓடவிடுவதும் இதே ஆபத்துதான். ஒரே அறையில் இருந்த இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், கதவு சன்னலைத் திறந்து வையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அதே இடத்தில் விழுவது வழக்கமாகிவிட்டது. உள்ளே இருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மூக்கில் துணி கட்டினால் அது நிற்காது. யாரும் இறங்க வேண்டாம். 101-க்குச் சொல்லித் தீயணைப்பு வீரர்களை வரவழையுங்கள்.

ஏன் மறைக்கிறோம்?

வேண்டுமென்றே நஞ்சு சாப்பிட்டவர் வீட்டில் மூன்று பயம் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்பது ஒன்று. ஊர் என்ன சொல்லும், மகளுக்கு நாளை மாப்பிள்ளை கிடைக்குமா என்பது இன்னொன்று. மவ்த்தாகிவிட்டால் பிரேதப் பரிசோதனை செய்வார்களே, ஜனாஸா தாமதமாகுமே என்பது மூன்றாவது.

முதல் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், போலீஸார் வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். அது நடைமுறை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடவும் முடியாது. போலீஸ் சடங்குகளுக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

மற்ற இரண்டு பயங்களுக்கும் ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "ஏன் சாப்பிட்டாள்?" என்று வாசலில் நின்று பேசும் நாக்குகள்தான், அடுத்த வீட்டாரை "வயித்துவலி" என்று சொல்ல வைக்கின்றன. நாம் அப்படிப் பேசுவதை நிறுத்தினால் பாதி மறைப்பு தானாக நின்றுவிடும். பிரேதப் பரிசோதனைக்குப் பயந்து உண்மையை மறைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த மரணமே நேராமல் போகலாம்.

மருத்துவரிடம் ஐந்து விவரங்களைச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வாந்தி எடுத்தாரா, வேறு என்ன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். குழந்தையானால் எடையையும் சொல்லுங்கள். உறவினர் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். எங்கள் ஓட்டுநரிடமும் சொல்லலாம். வண்டிக்குள் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது நமது அறக்கட்டளையின் விதி.

பிழைத்து வீடு திரும்பியவரைத் தனிமையில் விடாதீர்கள், குத்திக் காட்டாதீர்கள். நஞ்சை வாங்க வைத்த கடனும் சண்டையும் வீட்டில் அப்படியே காத்திருக்கின்றன. அவற்றைத் தீர்க்க உதவி வேண்டுமென்றால் நிர்வாகிகளிடம் வாருங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.

இன்றே செய்யக்கூடியவை

மருந்துகளையும் ரசாயனங்களையும் பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். மாத்திரையை "மிட்டாய்" என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டிமார்கள் தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டையை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரே ஒரு சர்க்கரை மாத்திரை சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வயலுக்கு வாங்கும் பூச்சிமருந்தைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

கீழே உள்ளதை வெட்டி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆம்புலன்ஸ்: 108
தீயணைப்பு: 101
நஞ்சு பற்றிய ஆலோசனை (டெல்லி எய்ம்ஸ் தேசிய நஞ்சுத் தகவல் மையம்): 1800 116 117. ஆங்கிலமோ இந்தியோ தெரிந்தவர் பேசுவது நல்லது.
மனநல உதவி: 14416
வாந்தி எடுக்க வைக்காதே. வாயில் எதையும் ஊற்றாதே.
ஒருக்களித்துப் படுக்க வை. டப்பாவை எடுத்துக்கொள்.
உண்மையைச் சொல்.